ஒரே பெயர், வேறு ஈடு: பழைய அனலாக் சிந்தசைசர்களின் விலையும் மாற்றமும்

சரோஜினி நகர்ச் சந்தையில் சட்டை எடுத்துப் பழகிய மாணவ நண்பர்களுக்கு இக்கட்டுரையின் உட்பொருளில் பாதி முன்பே தெரியும். வெளிநாட்டுக் கடைகளுக்கெனத் தைக்கப்பெற்று, மிஞ்சியனவும் கழிக்கப்பெற்றனவுமாக வந்த ஆடைகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. ஒரே நிறம், ஒரே வெட்டு, கழுத்துப் பட்டியில் ஒரே பெயர். ஆயினும் ஒரு கட்டிலிருந்து எடுத்த சட்டை மூன்றாண்டு உழைக்கிறது. மற்றொரு கட்டிலிருந்து எடுத்தது முதற் சலவையிலேயே சுருங்கிவிடுகிறது. கழுத்துப் பட்டியைப் பார்த்து வாங்குபவர் ஏமாறுகிறார். சட்டையைத் திருப்பித் தையலைப் பார்ப்பவர் தப்பித்துக்கொள்கிறார்.

இட்லித் தட்டில் ஒரு தடவை வார்த்து எடுப்பதை நாம் ஓர் ஈடு என்கிறோம். மாவு ஒன்றுதான், எனினும் முதல் ஈடும் மூன்றாம் ஈடும் ஒன்றாக வருவதில்லை. தொழிற்சாலையிலும் இதே கதைதான். ஒரு கருவியை ஒரே பெயரில் பத்தாண்டு செய்து விற்கிறார்கள். இடையில் ஓர் உறுப்பு கிடைக்காமற் போகிறது; வேறோர் உறுப்பு மலிகிறது; ஒரு குறை திருத்தப்படுகிறது; போட்டியாளர் ஒருவர் காப்புரிமையைக் காட்டி மிரட்டுகிறார். வெளியே பெயர் மாறுவதில்லை, உள்ளே கருவி மாறிவிடுகிறது. அவ்வாறு ஒரு முறைக்குச் செய்து வெளிவரும் தொகுதியை இக்கட்டுரையில் ‘ஈடு’ என்றே வழங்குவோம்.

1970-க்கும் 1985-க்கும் இடையே செய்யப்பெற்ற அனலாக் சிந்தசைசர்களிற் பல, இன்று புதிதாக விற்ற விலையைக் காட்டிலும் பன்மடங்கு விலைக்குப் போகின்றன. நம் வளாகத்தில் இசைக்குழு வைத்திருக்கும் தம்பிமார் சிலரும் அத்தகைய கருவி ஒன்றை எப்படியாவது தேடிப் பிடித்துவிட வேண்டுமென்று பேசிக்கொள்கிறார்கள். ஆசை நல்லதே. ஆனால் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைப் பெயருக்குக் கொடுக்கப்போகிறோமா, கருவிக்குக் கொடுக்கப்போகிறோமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

கருவியின் உள்ளே

சிந்தசைசரைத் தமிழில் ‘ஒலியாக்கி’ என்று சொல்லிப் பார்க்கலாம். ஆயினும் மேடையிலும் ஒலிப்பதிவுக் கூடத்திலும் வழங்கும் சொல் சிந்தசைசர் என்பதே. நாமும் அதையே கையாள்வோம்.

வீணையை நினைத்துக்கொள்ளுங்கள். தந்தி அதிர்கிறது. குடம் அவ்வதிர்வில் சிலவற்றை வளர்த்துச் சிலவற்றை அடக்குகிறது. மீட்டிய ஒலி சட்டென எழுந்து மெல்லத் தேய்கிறது. சிந்தசைசரில் தந்தியின் வேலையைச் செய்வது அலையியற்றி என்னும் மின்சுற்று. குடத்தின் வேலையைச் செய்வது வடிப்பான். எழுந்து தேயும் வேலை பெருக்கியைச் சேர்ந்தது. இவை மூன்றையும் ஆட்டிவைப்பது மின்னழுத்தம். அவ்வழுத்தம் வாய்க்கால் நீர்போல் இடையறாது ஏறி இறங்கினால் அது அனலாக் முறை; படிக்கட்டுப்போல் எண்ணெண்ணாகத் தாவினால் டிஜிட்டல் முறை.

அமெரிக்கரான ராபர்ட் மோக் 1964-இல் முதன்முதலாகக் காட்டிய கருவியின் வழிவந்த முறைப்படி, ஒரு வோல்ட் கூட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி மேலே போகும். கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு ஒரு வோல்ட். இடையிலுள்ள பன்னிரண்டு சுரத்தானங்களுக்கும் அதைப் பங்கிட்டால் ஒன்றுக்கு ஏறத்தாழ 83 மில்லிவோல்ட் வரும். (பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘மூக்’ என்று படிப்பவரே மிகுதி. அவரோ தம் பெயரை ‘மோக்’ என்றே சொல்லிக்கொண்டார். ஆனால் அவருடைய புகழ்பெற்ற கருவி நம்மவர் வாயில் ‘மினிமூக்’ என்றே நிலைத்துவிட்டது. அதன் மூக்கை இனித் திருத்துவது கடினம்.)

இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. டிரான்சிஸ்டரின் போக்கு வெப்பத்தோடு மாறும் இயல்புடையது. அறையின் வெப்பம் 27 பாகை எனில், தனிவெப்ப அளவையில் அது 300. ஒரு பாகை கூடினால் சுருதி இடைவெளியில் முந்நூற்றில் ஒரு பங்கு குறையும். சிறு பிழைதானே என்று விட்டுவிட முடியாது. ஒரு ஸ்தாயியை 1,200 கூறாகப் பிரிப்பது வழக்கம். ஓர் அரைச்சுரம் 100 கூறு. மூன்று ஸ்தாயி இடைவெளியில் ஒரு பாகைக்கு 12 கூறு தவறும். பத்துப் பாகைக்கு 120 கூறு. அதாவது, ஈடுசெய்யும் உறுப்பு ஒன்றும் இல்லாவிட்டால், தில்லியின் வைகாசிக் காலையில் சேர்த்த மேல் ஸட்ஜம் நண்பகலில் காகலி நிஷாதத்தையும் கடந்து கீழே இறங்கி நிற்கும்! மழைக்காலத்தில் மிருதங்கத் தோலோடு போராடியவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் இப்பிழையைத் திருத்த ஏதோ ஒரு வழி செய்தது. எந்த வழி, எந்த ஆண்டில் என்பதுதான் ஈட்டுக்கு ஈடு மாறியது. ஒரு கருவி ‘குரல் மாறிவிட்டது’ என்று பழைய கலைஞர்கள் சொல்லும்போது, பெரும்பாலும் அவர்கள் இத்தகைய மாற்றத்தையோ வடிப்பானின் மாற்றத்தையோதான் காதால் கண்டுபிடிக்கிறார்கள்.

நம் நாட்டில் முதலடி

மின்னொலி இந்தியாவுக்குப் புதிதன்று. 1954-இல் வெளிவந்த ‘நாகின்’ என்னும் இந்திப் படத்தில் ஹேமந்த் குமாரின் இசையில் கேட்கும் மகுடி, உண்மையில் மகுடியே அன்று. கிளாவியோலின் என்னும் வால்வுக் கருவியில் கல்யாண்ஜி வாசித்தது அது. பாம்பாட்டியின் கூடைக்கு மின்கம்பி தேவைப்பட்டது என்பதை எத்தனை பேர் அறிவர்?

ஆனால் சிந்தசைசர் என்று முறையாகச் சொல்லத்தக்க கருவி அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு 1969-இல் வந்து சேர்ந்தது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் நேரில் வந்து அதை நிறுவிக் கொடுத்தார். இம்முயற்சிக்குத் துணைநின்றவர் கீதா சாராபாய். 1946-இல் நியூயார்க்கில் ஜான் கேஜ் என்னும் இசையமைப்பாளருக்கு இந்திய இசையைக் கற்பித்து, அவரிடம் மேலையிசை பயின்றவர் இவர். அக்கூடத்தில் ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா முதலியோர் 1972 வரை இசை அமைத்தனர். அவர்களுடைய ஒலிநாடாக்கள் நிறுவனக் காப்பகத்தில் நெடுங்காலம் உறங்கின. பால் பர்கஸ் என்னும் கலைஞர் அவற்றைக் கண்டெடுத்ததன் பயனாக 2023-இல் இசைத்தட்டாக வெளிவந்தன.

அந்த அகமதாபாத்துக் கருவி தனித்தனிப் பெட்டிகளை வேண்டியவாறு கோத்து, கம்பிகளால் இணைத்து வாசிக்கும் வகையைச் சேர்ந்தது. வேண்டியவர் கேட்டபடி பெட்டிகளைச் சேர்த்துக் கொடுப்பார்கள். தச்சர் ஒருவரிடம் சொல்லிச் செய்விக்கும் வீணைக்கு ‘ஈடு’ ஏது? ஈடு என்னும் பேச்சு, கம்பிகளை உள்ளே மறைத்து எல்லாரும் தூக்கிச் செல்லும்படியாக ஒரே பெட்டியில் செய்தபோதுதான் தொடங்குகிறது. அப்பெட்டி 1970-இல் அறிமுகமான மினிமூக்.

பெயர் நின்றது, உள்ளீடு மாறிற்று

மினிமூக்கின் தொடக்க கால விலை ஏறத்தாழ 1,500 டாலர். 1966-இல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபின் ஒரு டாலருக்கு ஏழரை ரூபாய். ஆக, சுங்கவரியும் கப்பற்கூலியும் சேராமலே அது 11,000 ரூபாய்க்கு மேற்பட்ட கருவி. 1981 வரை அதைச் செய்தார்கள். 12,000-க்கு மேல் விற்றது. ‘மாடல் டி’ என்னும் ஒரே பெயர்தான் கடைசிவரை. ஆனால் முதலில் வந்தவற்றைச் செய்தது மோக்கின் சொந்த நிறுவனம். விரைவிலேயே நிறுவனம் கைமாறி, தொழிற்சாலையும் இடம் மாறிற்று. பெரிய மாற்றம் அலையியற்றிப் பலகையில் நேர்ந்தது. முற்பட்ட ஈடுகளின் பலகைகள் சூட்டுக்குச் சுருதி நழுவின. வரிசை எண் பத்தாயிரத்தைக் கடந்த பிற்காலக் கருவிகளில் வேறு பலகை வந்தது. அதிலுள்ள ஒரு சில்லு தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டு எப்போதும் ஒரே வெப்பத்தில் நிற்கும். வெளியில் வெயிலோ குளிரோ, அதற்குக் கவலையில்லை.

எது சிறந்தது? சந்தையைக் கேட்டால் முந்தியதே சிறந்தது என்று சொல்லும். மூன்று அலையியற்றிகளும் சற்றே ஒன்றோடொன்று ஒட்டாமல் அலைவதால் ஒலி தடிக்கிறது, அதுவே அழகு என்பார்கள். தடிப்பு உண்மைதான். இருந்தாலும் தம்புராவின் முன் அமர்ந்து வாசிக்க விரும்புகிறவருக்கு அந்த அழகு இரண்டாம் நிமிடத்திலேயே கசந்துவிடும். நம்முடைய இசைக்குப் பிந்திய ஈடே ஏற்றது என்பது என் கருத்து. அது சற்றுக் குறைந்த விலைக்குக் கிடைக்குமானால் இன்னும் நல்லது.

வடிப்பான் மாறியதற்கு ஏ.ஆர்.பி. ஒடிசி எடுத்துக்காட்டு. (ஏ.ஆர்.பி. என்பது அதை நிறுவிய ஆலன் ஆர். பேர்ல்மன் பெயரின் முதலெழுத்துகள்.) 1972-இல் வெள்ளை முகத்தோடு வந்த ஒடிசியின் வடிப்பான் மென்மையாக அடக்குவது. பின்னர்க் கறுப்பும் பொன்னுமாக வந்த ஈட்டில் மோக்கின் காப்புரிமை பெற்ற வடிப்பானை மிக நெருங்கிய ஒன்றை வைத்தார்கள். சச்சரவு எழுந்தது, மறுபடி வேறு வடிப்பானை அமைத்தார்கள். 1978-இல் கறுப்பும் செம்மஞ்சளுமாக மூன்றாம் உருவம் வந்தது. முகத்தின் நிறத்தைக் கொண்டே குரலை ஓரளவு ஊகிக்கலாம் என்பதால் வாங்குபவருக்கு இது எளிய பாடம். எல்லாக் கருவிகளும் இவ்வளவு நேர்மையாக நிறம் காட்டுவதில்லை.

பிராஃபெட்-5 அப்படிக் காட்டாத கருவி. அதன் வரலாறு சுவையானது. அதுவரை பெரும்பாலான சிந்தசைசர்களில் ஒரு நேரத்தில் ஒரு சுரமே ஒலிக்கும். கலிபோர்னியாவில் டேவ் ஸ்மித் தொடங்கிய சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் என்னும் சிறு நிறுவனம் 1978-இல் ஐந்து சுரங்களை ஒருசேர ஒலிக்கும் கருவியைக் கொண்டுவந்தது. அமைத்த ஒலியை நினைவில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தியதும் திருப்பித் தருவது அதன் பெரும்புதுமை. விலை 3,995 டாலர். அன்றைய மாற்று வீதப்படி ஏறத்தாழ 33,000 ரூபாய். முதல் ஈட்டில் கையாற் செய்யப்பட்டவை 182 மட்டுமே, அடிக்கடி பழுதாயின. இரண்டாம் ஈட்டில் உடல் உறுதிப்பட்டது, ஆனால் உள்ளிருந்த சில்லுகள் முதல் ஈட்டினுடைய வகையே. அவை நல்ல குரலுடையன, நம்பகம் குறைந்தவை. சுருதி நிலைப்பதும் அரிது. 1980-இல் மூன்றாம் ஈட்டில் நிறுவனம் துணிந்து சில்லுகளையே மாற்றிற்று. கர்ட்டிஸ் என்பவர் வடிவமைத்த சில்லுகள் வந்தன; கருவி சொன்னபடி கேட்டது. 1984 வரை மொத்தம் ஏறத்தாழ 6,000 பிராஃபெட்டுகள் வெளிவந்தன. அவற்றிற் பெரும்பாலானவை மூன்றாம் ஈட்டைச் சேர்ந்தவை.

இப்போது கணக்கைப் பாருங்கள். முதலிரண்டு ஈடுகளும் அரியவை, பழுதாபவை. மூன்றாம் ஈடு மிகுதி, உழைப்பது. பழம்பொருள் சேர்ப்பவர் முன்னதற்கு மிகுந்த விலை கொடுக்கிறார். மேடையில் வாசிப்பவர் பின்னதை விரும்புகிறார். ‘பிராஃபெட்-5’ என்று ஒருவர் விலை சொன்னால், எந்த ஈடு என்று கேட்காமல் அந்த விலை மிகையா குறைவா என்று யாராலும் சொல்லவே முடியாது. தஞ்சாவூர் வீணை வாங்கப் போகிறவர் ஏகாண்டமா ஒட்டா என்று கேட்பதில்லையா? அதைப் போன்றதுதான் இது.

ஜப்பானிய ரோலண்டு நிறுவனத்தின் ஜூபிட்டர்-8, 1981-இல் 5,295 டாலர் விலையில் வந்தது. எட்டுச் சுரம் ஒருசேர ஒலிக்கும். இதில் விசையை அழுத்தியதும் உள்ளிருக்கும் கணிப்பொறி சுரத்தின் எண்ணை மின்னழுத்தமாக மாற்றித் தரும். முதலில் வந்தவற்றில் அந்த மாற்றி 12 இலக்க ஈரெண் முறையில் அமைந்தது. பின்னர் 14 இலக்கமாயிற்று. 12 இலக்கம் என்றால் 4,096 படிகள். 14 இலக்கம் என்றால் 16,384 படிகள். எட்டு ஸ்தாயிப் பரப்பை இப்படிகளால் பிரிப்பதாகக் கொண்டால், முன்னதில் ஒரு படி இரண்டு கூறுக்கு மேல். பின்னதில் அரைக் கூறைச் சற்றே தாண்டும். எட்டுக் குரலும் ஒன்றாக நிற்கவேண்டிய கருவியில் இது சிறிய திருத்தம் அன்று.

இனி, மாற்றவே முடியாமல் உயிர்விட்ட கருவி ஒன்று உண்டு. அதே ரோலண்டின் டி.ஆர்.-808 என்னும் தாளக் கருவி. 1980-இல் 1,195 டாலருக்கு வந்தது. அதன் சலசலக்கும் ஒலிக்குக் காரணம் குறையுடைய டிரான்சிஸ்டர்கள்! நிறுவனத் தலைவர் இகுதாரோ காகெஹாஷி, மற்றவர் கழித்த அவற்றைத் தேடியே வாங்கினார். பிறகு டிரான்சிஸ்டர் செய்யும் தொழில்நுட்பம் முன்னேறிற்று. கழிவு கிடைப்பது நின்றது. நல்ல உறுப்பு மிகுந்ததால் கருவி நின்றுபோன கதை வேறெங்காவது உண்டா? ஏறத்தாழ 12,000 செய்தபின் 1983-இல் அதன் உற்பத்தி முடிந்தது.

பம்பாயில் ஒரு கலைஞரும் மூன்று பெட்டிகளும்

ரோலண்டு 1981-இல் டி.பி.-303 என்னும் சிறு பெட்டியையும் வெளியிட்டது. கிதார் வாசிப்பவருக்குத் துணையாக அடிநாதம் ஒலிக்க வேண்டும் என்பது அதை வடிவமைத்த ததாவோ கிகுமோதோவின் நோக்கம். விலை 395 டாலர். அதன் ஒலி எந்தக் கிதாரையும் போல இல்லை. சுரங்களை அதற்குக் கற்பிப்பதோ பெரும்பாடு. கடைகளில் தேங்கிற்று. ஏறத்தாழ 10,000 செய்து 1984-இல் கைவிட்டார்கள்.

பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் கிதாரும் மின்னிசைக் கருவிகளும் வாசித்துவந்த சரண்ஜித் சிங், இப்பெட்டி வந்த புதிதிலேயே சிங்கப்பூரில் அதை வாங்கினார். ஜூபிட்டர்-8, டி.ஆர்.-808 ஆகியவற்றோடு அதைப் பிணைத்து, 1982-இல் எச்.எம்.வி. நிறுவனத்துக்காகப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். 808 தாளம் போட, 303 கீழ்ச்சுரங்களைத் திரும்பத் திரும்பச் சுழற்ற, ஜூபிட்டர் ராகத்தைப் பாடும். இந்துஸ்தானிப் பெயர்களைக் கண்டு நம்மவர் அஞ்சவேண்டா. பூபாலி நம் மோகனம்; மால்கௌன்ஸ் இந்தோளம்; யமன் கல்யாணிக்கு உறவு; மேக் மத்தியமாவதியை நெருங்கும்; கலாவதி வலஜி; தோடி என்று அவர்கள் சொல்வது நம் தோடியன்று, சுபபந்துவராளி.

அந்த மூன்று பெட்டிகளின் விலையை நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். 1982-இல் டாலர் ஏறத்தாழ ஒன்பதரை ரூபாய். 303-க்கு 3,750 ரூபாய், 808-க்கு 11,350, ஜூபிட்டருக்கு 50,300. கூட்டினால் அறுபத்தைந்தாயிரத்துக்கு மேல். வரி தனி. 1983 இறுதியில் வந்த மாருதி 800 காரின் தொடக்க விலையே ஏறத்தாழ 47,500 ரூபாய்தான்! முன்னர் விநய் நகர் என்று வழங்கிய சரோஜினி நகர் அரசு ஊழியர் குடியிருப்பாகும். தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வாழ்ந்தன. மூன்றாம் ஊதியக் குழுவின் ஏற்பாட்டில் கீழ்நிலை எழுத்தரின் அடிப்படைச் சம்பளம் 260 ரூபாயில் தொடங்கிற்று. அகவிலைப்படியை விட்டுக் கணக்கிட்டால், கடையில் தேங்கிய அந்த ‘மலிவான’ 303-க்கே பதினான்கு மாத அடிப்படைச் சம்பளம் வேண்டும், ஜூபிட்டருக்குப் பதினாறாண்டு. டாலரில் மலிவு என்பது ரூபாயில் வேறு பொருள் தருகிறது. அன்று இந்தியாவில் இக்கருவியைத் தொட்டவர் ஏன் விரல்விட்டு எண்ணத்தக்கவராயினர் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. ஆர்வம் நம் பிள்ளைகளுக்கு எக்காலத்திலும் குறைந்ததில்லை.

சரண்ஜித் சிங்கின் தட்டும் விற்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் மலிவு விலைக்குக் கைமாறிய 303-கள் சிகாகோ இளைஞர் சிலர் கையிற் சேர்ந்தன. 1987-இல் ஃபியூச்சர் என்னும் குழு அதைக் கொண்டு ‘ஆசிட் டிராக்ஸ்’ என்னும் பதிவை வெளியிட, புதிய நடன இசை ஒன்று பிறந்தது. 303-இன் விலை ஏறத் தொடங்கியது அதன் பிறகே. இன்று அது பல்லாயிரம் டாலர். எடோ பௌமன் என்னும் டச்சுக்காரர் 2002-இல் நம் தில்லியிலே சரண்ஜித் சிங்கின் பழைய தட்டைக் கண்டெடுத்தார். 2010-இல் அதை மீண்டும் வெளியிட்டார். சிகாகோவுக்கு ஐந்தாண்டு முன்பே அதே ஓசையா என்று உலகம் வியந்தது. எழுபது வயதைத் தொட்ட சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார், 2015-இல் மறைந்தார்.

கமகம் இல்லாமல் ராகம் ஏது என்று நம் இசைமன்ற நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 303-இல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கும் வசதி உண்டு. ஆனால் இரு சுரங்களுக்கிடையே தூரம் எவ்வளவாயினும் வழுக்கும் நேரம் ஒன்றே. நம் கமகமோ இடத்துக்கு இடம் வேறுபடுவது. அந்தத் தட்டை ராக ஆலாபனையாகக் கேட்டால் குறையே தெரியும். ராகத்தின் சுரக்கோவையைத் தாளத்தில் கட்டிய புதுவகை இசையாகக் கேட்டால் அதன் துணிவு புலப்படும்.

வாங்கப் போகிறவருக்கு

1983 இரண்டு வகையில் எல்லைக்கல். அவ்வாண்டு யமஹாவின் டிஎக்ஸ்-7 என்னும் டிஜிட்டல் கருவி 1,995 டாலருக்கு வந்து, பதினாறு சுரம் ஒருசேர ஒலித்து, வெயிலுக்கும் குளிருக்கும் சுருதி மாறாமல் நின்றது. அனலாக் கருவிகளின் விலை சரிந்தது. அதே ஆண்டில்தான் வெவ்வேறு நிறுவனத்தின் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் மிடி முறையும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் செய்த கருவியில் மிடி இருந்தால், அது பின்னால் யாரோ திறந்து பொருத்தியது என்று கொள்க. பொருத்தியவர் கைத்திறம் எப்படியோ!

கருவியின் ஈட்டை அறிய வரிசை எண் ஒரு வழி. அதைவிட நம்பத்தக்க சான்று உள்ளே இருக்கிறது. சில்லுகளின் முதுகில் பெயரோடு நான்கு இலக்கங்கள் அச்சிட்டிருப்பதைக் காணலாம். 8123 என்றிருந்தால் 1981-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த சில்லு என்று பொருள். ஒரே ஒரு சில்லைப் பார்த்து முடிவு கட்டக்கூடாது, பழுதுக்காக மாற்றியிருக்கலாம். பலவற்றைப் படித்தால் பெரும்பாலானவை ஓராண்டைச் சுட்டும்; கருவி அதற்குச் சற்றுப் பின்னர்ப் பிறந்தது. 1979 என்று விற்பவர் சொல்ல, சில்லுகளெல்லாம் 1982 என்று சொன்னால் யாரை நம்புவது என்பது வெளிப்படை. இதைப் பழக விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டில் பழைய ரேடியோப் பலகை ஒன்றை வாங்கி வந்து படித்துப் பழகலாம்.

மற்றொன்று, உயிரைப் பற்றியது. அமெரிக்காவுக்கென்று செய்தவை 115 வோல்ட் அளவிலும் ஜப்பானுக்கென்று செய்தவை 100 வோல்ட்டிலும் ஓடுவன. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பின்புறத் தகட்டைப் படிக்காமல் செருகினால் நாற்பதாண்டு வாழ்ந்த கருவி நொடியில் புகையாகிவிடும். செருகிய நிலையில் பெட்டியைத் திறந்து கைவைப்பதும் கூடாது.

அந்நாள் விலையை இந்நாள் விலையோடு ஒப்பிட்டு இத்தனை மடங்கு ஏற்றம் என்று மகிழ்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. அந்நாள் விலை, செய்தவர் எவ்வளவு உறுப்பையும் உழைப்பையும் அதில் வைத்தார் என்பதைச் சொல்கிறது. இந்நாள் விலை, எத்தனை பேர் அதை விரும்பி நிற்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. 303 இதற்குச் சான்று: பெட்டி ஒன்றே, அதைச் செய்த செலவும் ஒன்றே.

பழையது எட்டாதவருக்கு இப்போது மறுபதிப்புகள் உண்டு. நிறுவனங்களும் ஈட்டு வேறுபாட்டை நன்கு அறிந்துகொண்டன. 2015-இல் கோர்க் நிறுவனம் வெளியிட்ட ஒடிசியில் மூன்று காலத்து வடிப்பான்களையும் வைத்து, மாற்ற ஒரு விசையும் வைத்தார்கள். 2020-இல் வந்த பிராஃபெட்-5 நான்காம் ஈட்டில் பழைய சில்லின் வழிவந்த வடிப்பானும் கர்ட்டிஸ் வடிப்பானும் அருகருகே உள்ளன. சண்டையிட்ட இரு கட்சியையும் ஒரே பெட்டியில் குடிவைத்துவிட்டார்கள்.

ஆனால் மறுபதிப்புக்கும் ஈடு உண்டு. மினிமூக்கின் இடப்பக்கத்தில் சுருதியை வளைக்கும் சக்கரம் ஒன்றிருக்கிறது. பழைய கருவியில் அதற்குச் சுருள்வில் கிடையாது. வளைத்த இடத்திலேயே நிற்கும், நாமாகத்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டும். 2016-இல் வந்த மறுபதிப்பு அவ்வாறே இருந்து மறு ஆண்டில் நின்றது. 2022-இல் மீண்டும் செய்தபோது சுருள்வில் வைத்தார்கள். கையை எடுத்ததும் சக்கரம் தானே நடுவுக்குத் திரும்பிவிடும். மேலையிசை வாசிப்பவர் பலருக்கு இது வசதி. வீணையில் தந்தியை இழுத்து ஒரு சுரத்தில் நிறுத்தி, அங்கிருந்து அசைத்துப் பழகிய விரலுக்கோ வில்லில்லாத சக்கரமே சொன்னபடி கேட்கும். இரண்டுக்கும் பெயர் மினிமூக் மாடல் டி தான்.